காரை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு நிம்மதி இல்லாமல் இருக்கிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை அம்பத்தூர் பக்கம் ஒரு கார் சர்வீஸ் சென்டரில் ஒன்பது வருடம் சர்வீஸ் அட்வைசராக இருந்தேன். காலை எட்டரை மணிக்குச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, ஆட்டோ ஏறும்வரை வண்டியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போகிறவர்களைத் தினமும் பார்த்திருக்கிறேன். இப்போது நானும் கவுண்டருக்கு வெளியே நிற்கிறவன்தான். சொந்தக்காரர்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும் பழைய வாடிக்கையாளர்களும் போனில் கேட்கிற கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

கேள்வி கேட்டால் மெக்கானிக் கோபித்துக்கொண்டு வேலையைக் கெடுத்துவிட மாட்டாரா?

மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் அடியில் இருப்பது இந்தப் பயம்தான். அதனால் இதை முதலில் வைக்கிறேன். நான் பார்த்தவரை நடப்பது நேர்மாறு. கேட்டுக் கேட்டு வேலை வாங்குகிறவரின் வண்டி உள்ளே வரும்போதே ஃபோர்மேன் பையன்களிடம், "இந்த சார் வந்து பார்ப்பாரு, பாத்துப் பண்ணு" என்று சொல்லிவிடுவார். எதையுமே கேட்காதவரின் வண்டியில்தான் ஒரு கிளிப் மாட்டாமல் போகும்.

கேட்பதில் ஒரு விதம் இருக்கிறது. "ஏன் மாத்தணும்?" என்றால் தன்னைக் குற்றம் சொல்வதாக அவர் எடுத்துக்கொள்வார். "அண்ணா, கொஞ்சம் காட்டுங்களேன்" என்று சொல்லிப் பாருங்கள். அதே மனிதர் டார்ச்சை எடுத்துக்கொண்டு உங்களையும் வண்டிக்கு அடியில் கூட்டிப்போவார். நல்ல மெக்கானிக்குக்குத் தன் வேலையைக் காட்டுவதில் பெருமை உண்டு. காட்டச் சொன்னதும் முகம் மாறினால், வேலையை ஆரம்பிக்க விடாமல் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

வண்டியை விடுவதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

போனை எடுத்து வண்டியைச் சுற்றி ஒரு வீடியோ எடுங்கள். கீறல், நசுங்கல், கிலோமீட்டர், பெட்ரோல் முள், ஸ்டெப்னி, டிக்கியில் இருக்கும் டூல்ஸ் எல்லாம் அதில் வரட்டும். பானட்டைத் திறந்து பேட்டரியின் சீரியல் எண்ணையும் போட்டோ எடுங்கள். டயரின் பக்கச் சுவரில் ஓவல் வடிவத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும், அதையும் போட்டோ எடுங்கள். 2323 என்றால் 2023ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். "என் டயரை மாத்திட்டாங்களோ, பேட்டரியை மாத்திட்டாங்களோ" என்ற சந்தேகத்துக்கு இந்த இரண்டு போட்டோவே போதும். ஒர்க்‌ஷாப் ஆட்கள் பார்க்கும்படியே எடுங்கள், மறைக்க ஒன்றும் இல்லை.

அப்புறம், வண்டியில் இருக்கும் குறையைச் சொல்லும் முறை. "சஸ்பென்ஷன் போயிடுச்சு" என்று நீங்களே முடிவு சொன்னால், சஸ்பென்ஷனை மாற்றிக் கொடுத்துவிடுவார்கள், சத்தம் அப்படியே இருக்கும். "ஸ்பீட் பிரேக்கர் ஏறி இறங்கும்போது இடது முன் சக்கரத்துப் பக்கம் டக்குனு ஒரு சத்தம், மெதுவா போனா மட்டும்தான் வருது" என்று சொல்லுங்கள். ஐந்து நிமிடம் செலவானாலும் மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக் காட்டுங்கள். மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப்போட்ட சாலைகளில் ஓடும் வண்டிக்கு, லிங்க் ராடு, லோயர் ஆர்ம் புஷ், ஸ்ட்ரட் மவுன்ட் என்ற சஸ்பென்ஷன் பாகங்கள் எல்லாமே ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சத்தம் போடும். எங்கே, எப்போது என்று நீங்கள் சொல்வதை வைத்துத்தான் அவர் பிரித்துப் பார்க்க முடியும்.

கடைசியாக ஜாப் கார்டு, அதாவது என்ன வேலை செய்ய வேண்டும் என்று எழுதிக் கையெழுத்து வாங்கும் தாள். நீங்கள் சொன்னது அதில் நீங்கள் சொன்ன மாதிரியே எழுதியிருக்கிறதா, "போன் பண்ணிக் கேட்காமல் கூடுதல் வேலை செய்யக்கூடாது" என்ற வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். தெருமுனை ஷெட்டில் ஜாப் கார்டெல்லாம் இருக்காது. அங்கே பேசியதை அப்படியே வாட்ஸ்அப்பில் அவருக்கு அனுப்பி, "சரிங்களா அண்ணா" என்று கேட்டு, பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வெளி மெக்கானிக்கிடம் போனால் வாரண்டி போய்விடுமா?

வெளியில் விட்டதற்காக மட்டும் மொத்த வாரண்டியும் போய்விடும் என்பது மிரட்டல்தான். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு எதிராகப் பிறப்பித்த உத்தரவிலேயே இது இருக்கிறது: வெளி ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தார் என்பதற்காக வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக்கூடாது, அங்கே செய்த தவறான வேலையால் எது கெட்டதோ அதற்கு மட்டுமே மறுக்கலாம். அந்த வழக்கு மேல்முறையீட்டுக்கும் போனது. கவுண்டரில் நின்று சட்டம் பேச எல்லோருக்கும் நேரம் இருக்காது என்பதால் என் யோசனை எளிமையானது. வாரண்டி முடியும்வரை பீரியாடிக் சர்வீஸையும் எஞ்சின், கியர்பாக்ஸ், வயரிங் வேலையையும் கம்பெனி சர்வீஸ் சென்டரில் செய்யுங்கள். டயர், அலைன்மென்ட், வாட்டர் வாஷ், சின்ன டிங்கரிங் எல்லாம் வெளியில் தாராளமாகச் செய்யலாம்.

வாரண்டி முடிந்த பிறகு நல்ல வெளி மெக்கானிக் ஒருவர் கிடைத்தால் விடாதீர்கள்.

ஆயில் மாற்றினார்களா என்று எப்படித் தெரியும்?

எஞ்சின் ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால் தெரியும். பெட்ரோல் வண்டியில் புது ஆயில் தேன் நிறத்தில் இருக்கும். டீசல் வண்டியில் மாற்றிய கொஞ்ச நேரத்திலேயே கறுத்துவிடும், அதனால் நிறத்தை மட்டும் வைத்துச் சண்டைக்குப் போகாதீர்கள். பழைய ஆயில் ஃபில்டரைக் காட்டச் சொல்லுங்கள். பில்லில் எத்தனை லிட்டர் என்று பார்த்து, வண்டியோடு வந்த கையேட்டில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். சின்ன பெட்ரோல் கார்கள் பலவற்றுக்கு மூன்றிலிருந்து மூன்றரை லிட்டர்தான் பிடிக்கும். பில்லில் நாலரை என்று இருந்தால் மீதி எங்கே என்று கேட்கலாம்.

பிரேக் பேட் மாற்றியே ஆகவேண்டும் என்கிறார். நம்பலாமா?

சக்கரத்தைக் கழற்றி பேடைக் காட்டச் சொல்லுங்கள். இரும்புத் தகட்டின்மேல் ஒட்டியிருக்கும் கருப்புப் பகுதிதான் தேய்கிறது. புதிதில் அது ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் இருக்கும். இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை அடுக்கிப் பக்கத்தில் வையுங்கள், அது சுமார் 3 மில்லிமீட்டர். கருப்புப் பகுதி அந்த அளவுக்கு வந்துவிட்டால் மாற்றிவிடுங்கள், பேரம் வேண்டாம். ஐந்தாறு மில்லிமீட்டர் இருந்தால் அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம் என்று தைரியமாகச் சொல்லுங்கள். கவுண்டரில் இருந்த காலத்தில் என் சட்டைப் பையில் இரண்டு நாணயங்கள் எப்போதும் இருக்கும். வாடிக்கையாளர் கையிலேயே அவற்றைக் கொடுத்து வைத்துப் பார்க்கச் சொல்வேன். அதற்கு மேல் நான் ஒரு வார்த்தைகூட விளக்க வேண்டியிருந்ததில்லை.

வருடா வருடம் ஏசி கேஸ் ஏற்றச் சொல்கிறார்கள். அது அவசியமா?

சென்னையில் ஏப்ரல் பிறந்தாலே அதிகம் வரும் கேள்வி இது. அதிகம் பேர் வீண் செலவு செய்வதும் இங்கேதான்.

ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோகிற பொருள் அல்ல. மூடிய குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கும். பல வருடத்தில் கொஞ்சம் குறைவது இயல்பு. போன மே மாதம் ஏற்றினோம், இந்த மே மாதம் குளிரவில்லை என்றால், எங்கோ லீக் இருக்கிறது. லீக்கை அடைக்காமல் கேஸ் ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதைதான்.

ஆகவே முதல் கேள்வி, "எங்க லீக் ஆகுதுன்னு காட்டுங்க." கேஸோடு கொஞ்சம் எண்ணெயும் கலந்து ஓடுவதால், லீக் ஆகும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் அதன்மேல் தூசியும் படிந்திருக்கும். ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சரிலும் குழாய் இணைப்புகளிலும் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கண்ணுக்குத் தெரியாவிட்டால் நைட்ரஜன் ஏற்றிப் பிரஷர் நிற்கிறதா என்று பார்ப்பார்கள், சோப்பு நுரை தடவுவார்கள், அல்லது ஒளிரும் சாயம் சேர்த்து அல்ட்ரா வயலட் விளக்கில் தேடுவார்கள்.

இதில் எதையும் செய்யாமல், வண்டியைப் பார்த்த மாத்திரத்தில் "கூலிங் காயில் போயிடுச்சு சார்" என்றால் அங்கேயே நிறுத்துங்கள். கூலிங் காயில் டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கிறது. பல வண்டிகளில் அதை எடுக்க மொத்த டேஷ்போர்டையும் கழற்ற வேண்டும். ஒரு நாள் முழுக்க வேலை. திரும்ப மாட்டும்போது ஒரு கிளிப் உடைந்தாலும் அப்புறம் வண்டி ஓடும்போதெல்லாம் கடகட என்று சத்தம் வரும். என் மாமனார் வண்டிக்கு ஒரு ஷெட்டில் இப்படித்தான் காயில் மாற்றினார்கள். மூன்றே வாரத்தில் குளிர்ச்சி போய்விட்டது. வேறொருவரிடம் காட்டியபோது கண்டென்சரின் ஓரத்தில் கல் அடித்து ஊசிமுனை அளவுக்கு ஓட்டை. அதைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு அவ்வளவு தெளிவாக இருந்தது. முதல் நாளே யாராவது குனிந்து பார்த்திருந்தால் டேஷ்போர்டைத் தொடவே தேவையிருந்திருக்காது. அந்த டேஷ்போர்டு இன்றைக்கும் சத்தம் போடுகிறது.

இன்னொரு விஷயம். எத்தனை கிராம் கேஸ் பிடிக்கும் என்று பானட்டுக்குள் ஒரு ஸ்டிக்கரில் அச்சிட்டிருக்கும். எடை பார்த்து ஏற்றும் மெஷின் இருக்கும் இடத்தில் செய்யுங்கள். கூடுதலாக ஏற்றினாலும் குளிர்ச்சி குறையும், கம்ப்ரஸருக்கும் கேடு. பக்கத்து சீட்டுக் கால்மிதி ஈரமாகிறது என்றால் அது பெரும்பாலும் தண்ணீர் வெளியேறும் ட்ரெய்ன் குழாய் அடைப்புதான், அதற்குப் போய்க் கேஸ் ஏற்றாதீர்கள்.

எஞ்சின் ஃப்ளஷ், இன்ஜெக்டர் கிளீனிங், டெஃப்ளான் கோட்டிங் என்று பெரிய பட்டியல் நீட்டுகிறார்களே?

இதை மனவருத்தத்தோடுதான் எழுதுகிறேன். நான் வேலை பார்த்த இடத்தில் அட்வைசர் ஒவ்வொருவருக்கும் மாத டார்கெட் உண்டு. இத்தனை கோட்டிங், இத்தனை கிளீனிங் விற்க வேண்டும், இல்லாவிட்டால் இன்சென்டிவ் கிடையாது, மீட்டிங்கில் நிற்கவைத்துக் கேட்பார்கள். வண்டிக்குத் தேவையா என்று பார்க்காமல் நானும் விற்றிருக்கிறேன். வேலையை விட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

எனவே கையேட்டைத் திறந்து, இத்தனை கிலோமீட்டருக்கு என்ன செய்ய வேண்டும் என்ற அட்டவணையைப் பாருங்கள். அதில் இல்லாதது எதுவானாலும் "இந்தத் தடவை வேண்டாம்" என்று சொல்லிவிடலாம், ஒன்றும் ஆகாது. ஒன்றுக்கு மட்டும் விதிவிலக்கு சொல்வேன். திருவான்மியூர், பெசன்ட் நகர், எண்ணூர், ஈசிஆர் மாதிரி கடலோரத்தில் குடியிருந்தால் அடிப்பாகத்துக்குத் துருத் தடுப்புப் பூச்சு வேண்டும். உப்புக் காற்று சைலன்சரையும் அடித்தகட்டையும் தின்றுவிடும்.

ஸ்கேனர் போட்டுப் பார்த்து சென்சார் மாற்ற வேண்டும் என்கிறார். மெஷின் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்?

ஸ்கேனர் ஒரு பிழைக் குறியீட்டு எண்ணைத்தான் தரும். எந்தப் பாகம் கெட்டது என்பதைச் சொல்லாது. ஆக்ஸிஜன் சென்சார் சம்பந்தமான குறியீடு வந்தால் காரணம் சென்சாராகவும் இருக்கலாம், எலி கடித்த வயராகவும் இருக்கலாம், சைலன்சர் குழாயில் லீக்காகவும் இருக்கலாம். அந்த எண்ணைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். "வயரிங்கும் கனெக்டரும் பாத்தீங்களா?" என்று கேளுங்கள். நம்மூர் பார்க்கிங்குகளில் எலித் தொல்லை எவ்வளவு என்பது உங்களுக்கே தெரியும்.

போட்டது ஒரிஜினல் ஸ்பேரா, டூப்ளிகேட்டா?

பெட்டியோடு காட்டச் சொல்லுங்கள். பெட்டியில் பார்ட் நம்பர், எம்ஆர்பி, தயாரித்த மாதம் எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும். எம்ஆர்பி என்றாலே வரியும் சேர்ந்த விலை. பில்லில் விலையும் ஜிஎஸ்டியும் தனித்தனியாகப் போட்டிருக்கலாம், ஆனால் கூட்டிப் பார்த்தால் எம்ஆர்பியைத் தாண்டக்கூடாது.

கார் கம்பெனி பெயர் போட்ட பெட்டியில் வந்தால்தான் ஒரிஜினல் என்று நினைக்க வேண்டாம். கார் கம்பெனிகள் எல்லாப் பாகங்களையும் தாங்களே செய்வதில்லை. நம்ம சென்னையில் பாடி என்ற பகுதியிலேயே பிரேக்ஸ் இந்தியா, லூகாஸ் டிவிஎஸ், வீல்ஸ் இந்தியா என்று பெரிய தொழிற்சாலைகள் இருக்கின்றன. பிரேக், ஸ்டார்ட்டர் மோட்டார், பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் போன்றவற்றை இப்படிப்பட்ட தயாரிப்பாளர்கள் கார் கம்பெனிகளுக்கும் கொடுப்பார்கள், தங்கள் சொந்தப் பெயரில் கடைகளுக்கும் கொடுப்பார்கள். வாரண்டி முடிந்த வண்டிக்கு, பெயர் தெரிந்த தயாரிப்பாளரின் பாகத்தை ஜிபி ரோடு கடையில் பில்லோடு வாங்கிக் கொடுத்தால் அதில் தவறே இல்லை. "பாகம் நீங்க வாங்கிக் கொடுத்தா நான் கேரண்டி தர மாட்டேன்" என்று மெக்கானிக் சொன்னால் அது நியாயம்தான், அதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

புதுப்பேட்டையில் பழைய பாகம் வாங்கலாமா என்றும் கேட்பார்கள். கதவுக் கண்ணாடி, சைடு மிரர், பம்பர், டிக்கி கதவு இவற்றுக்குப் போங்கள், நல்ல பொருள் கிடைக்கும். பிரேக், ஸ்டியரிங், சீட் பெல்ட், ஏர்பேக், டயர் இவற்றைப் பழையதாக வாங்கவே வாங்காதீர்கள். உயிர் சம்பந்தப்பட்ட இடம்.

பில் இல்லாமல் செய்தால் குறைத்துக்கொள்கிறேன் என்கிறார். ஒத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். மிச்சமாவது 18 சதவீத வரி. உதிரிபாகங்களுக்கு முன்பு பெரும்பாலும் 28 சதவீதம் இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் அதுவும் 18தான். அந்தப் பணத்துக்காக, நாளைக்குப் பிரச்சினை என்றால் காட்டுவதற்கு ஒரு காகிதமும் இல்லாமல் நிற்பீர்கள்.

தெருமுனை மெக்கானிக் பலருக்கு ஜிஎஸ்டி பதிவே இருக்காது, சின்னத் தொழிலுக்கு அது கட்டாயமும் இல்லை. அவரிடம் வரி இல்லாத சாதாரணப் பில் வாங்கிக்கொள்ளுங்கள். வரி போட்டு வசூலிக்கிறவர் என்றால் பில்லில் 15 இலக்க ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும், தமிழ்நாட்டுப் பதிவு 33 என்று தொடங்கும். செய்த வேலைக்குப் பில் தராமல் இருப்பதையே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது.

என் வண்டியை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றுவார்களோ?

டிரையல் பார்க்க ஐந்து, பத்து கிலோமீட்டர் ஓட்டித்தான் ஆக வேண்டும். சில சத்தம் எஞ்சின் நன்றாகச் சூடான பிறகுதான் வரும். அதற்கு மேல் ஓடியிருந்தால் கேட்கலாம். விடும்போது கிலோமீட்டரையும் வீடியோவில் எடுக்கச் சொன்னது இதற்கும்தான். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு, வண்டி ஒர்க்‌ஷாப்பில் இருக்கும்போது ராத்திரி பதினொன்றரைக்கு வானகரம் டோலில் ஃபாஸ்டேக் பணம் எடுத்ததாக மெசேஜ் வந்தது. காலையில் அந்த மெசேஜைக் காட்டியதும் மறுக்க முடியவில்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்திலேயே இதற்கு வழி இருக்கிறது. ஒப்படைத்த பொருளைச் சொன்ன காரியத்துக்கு அல்லாமல் வேறு எதற்காவது பயன்படுத்தினால், அதனால் வரும் சேதம் முழுவதும் அவர் பொறுப்பு.

வீட்டுச் சாவி, ஒரிஜினல் ஆர்சி புத்தகம், பணம், நகை எதுவும் வண்டியில் இருக்க வேண்டாம். வண்டியின் திரையில் உங்கள் போன் கான்டாக்ட்ஸ் ஏறியிருந்தால் அழித்துவிட்டு விடுங்கள்.

நான் பெண் என்பதால் விலையை ஏற்றிச் சொல்வார்களோ?

சில இடங்களில் நடக்கிறது. வண்டி ஓட்டுகிறவரும் பணம் கட்டுகிறவரும் மேடம்தான், ஆனாலும் "சாரைப் பேசச் சொல்லுங்க" என்பார்கள். என் சக ஊழியர்களே அப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், கேட்கவே கஷ்டமாக இருக்கும். "வண்டி என்னுதுங்க, என்கிட்டயே சொல்லுங்க" என்று முதல் தடவையே சொல்லிவிடுங்கள். எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்கி, அதே வேலைக்கு இன்னும் ஓர் இடத்தில் விலை கேளுங்கள். இரண்டு எஸ்டிமேட் கையில் இருக்கிறது என்று தெரிந்தாலே பேச்சு மாறிவிடும். உங்களிடம் நேராக, பொறுமையாக விளக்குகிற ஒருவர் கிடைத்தால் பத்துக் கிலோமீட்டர் தள்ளியிருந்தாலும் அவரிடமே போங்கள். உங்கள் தோழிகளுக்கும் சொல்லுங்கள்.

மழையில் வண்டி மூழ்கிவிட்டது. ஒர்க்‌ஷாப் கேட்கும் தொகையைப் பார்த்தால் பயமாக இருக்கிறது.

2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இந்த ஊரில் எத்தனையோ பேர் இதை அனுபவித்தார்கள். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தியது அந்த அனுபவத்தால்தான்.

முதல் விதி, ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது. தண்ணீர் காற்றைப் போல அமுங்காது. சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீரைப் பிஸ்டன் அழுத்தப் பார்க்கும், கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஆயிரங்களில் முடிய வேண்டிய செலவு லட்சத்துக்குப் போவது இந்த ஒரு நொடியில்தான். அதோடு, தண்ணீரில் ஸ்டார்ட் செய்ததால் எஞ்சின் போனது என்றால் சாதாரண இன்சூரன்ஸில் பணம் வராது. எஞ்சின் புரொடெக்ட் என்ற கூடுதல் கவர் எடுத்திருந்தால்தான் கேட்க முடியும்.

தண்ணீர் எதுவரை ஏறியது என்று தெரியும்படி போட்டோ எடுங்கள். தண்ணீர் வடிந்ததும் பேட்டரி இணைப்பைக் கழற்றச் சொல்லுங்கள். இன்சூரன்ஸுக்குத் தகவல் சொல்லிவிட்டு, வண்டியை மேலே ஏற்றிப்போகும் டோ வண்டியில் அனுப்புங்கள். டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருக்கிறது. ஆயில் பழைய நிறத்திலேயே இருந்து, தண்ணீர் சீட் அளவுக்குக்கூட வராதபோது "எஞ்சினைப் பிரிக்கணும்" என்றால், ஏன் என்பதைக் கண்ணால் பார்க்காமல் ஒத்துக்கொள்ளாதீர்கள். பெட்ரோல் வண்டியில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கிறதா என்று தெரிந்துவிடும், அதைச் செய்துகாட்டச் சொல்லுங்கள்.

வெள்ளத்துக்குப் பிறகு எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் கூட்டம் நெரியும். உங்கள் முறை வர ஒரு மாதம் ஆனாலும், சீட்டையும் கார்பெட்டையும் மட்டும் முதல் இரண்டு நாளிலேயே கழற்றி வெயிலில் போடச் சொல்லிக் கெஞ்சியாவது கேளுங்கள். பூஞ்சை பிடித்துவிட்டால் அந்த வாடை போகவே போகாது.

இன்சூரன்ஸ் வேலை என்றால் கவலைப்பட ஒன்றும் இல்லைதானே?

இருக்கிறது. சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் சர்வேயர் பார்ப்பதற்கு முன் எதையும் கழற்றவிடாதீர்கள். கேஷ்லெஸ் என்றாலும் உங்கள் கையிலிருந்தும் பணம் போகும். கட்டாயப் பிடித்தம் 1500 சிசி வரை 1000 ரூபாய், அதற்கு மேல் 2000. பம்பர் மாதிரி பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதிதான் தருவார்கள். உலோகப் பாகத்துக்கு ஐந்து வருடம் தாண்டி, பத்து வருடத்துக்குள் இருக்கும் வண்டி என்றால் 40 சதவீதம் கழிப்பார்கள். கண்ணாடிக்குக் கழிவு இல்லை. பம்பர் டு பம்பர் பாலிசி எடுத்தவர்களுக்கு இந்தத் தேய்மானக் கழிவு இருக்காது.

டெலிவரியின்போது ஒரு திருப்திச் சீட்டில் கையெழுத்து கேட்பார்கள். வண்டியைப் பகல் வெளிச்சத்தில் சுற்றிப் பார்த்து, ஓட்டிப் பார்த்த பிறகே போடுங்கள். டியூப் லைட் வெளிச்சத்தில் பெயின்ட் வித்தியாசம் தெரியாது. கதவை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள், நசுங்கலைச் சமன்செய்யப் பூசும் பட்டி அதிகமாகப் போட்ட இடத்தில் மட்டும் சத்தம் மந்தமாகக் கேட்கும். ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தத்தை வைத்தால் அங்கே சரியாக ஒட்டாது.

இரண்டு நாள் என்றார், இரண்டு வாரம் ஆகிவிட்டது.

"எப்ப கிடைக்கும்?" என்று கேட்டால் "நாளைக்கு" என்றுதான் பதில் வரும். "எந்தப் பாகத்துக்கு வெயிட் பண்றீங்க, என்னைக்கு ஆர்டர் போட்டீங்க, நம்பர் அனுப்புங்க" என்று கேளுங்கள். பொங்கல், தீபாவளிக்கு ஊருக்குப் போக வேண்டும் என்றால் மூன்று வாரம் முன்பே விட்டுவிடுங்கள். கடைசி வாரத்தில் ஒரு மெக்கானிக் கையில் எட்டு வண்டி இருக்கும், எதையும் நிதானமாகப் பார்க்க முடியாது.

சொன்னதைவிட இரண்டு மடங்கு பில். பணம் கட்டாமல் வண்டியைத் தரமாட்டேன் என்கிறார்.

செய்த வேலைக்கான கூலி வரும்வரை வண்டியைப் பிடித்துவைக்க ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆவது பிரிவு அவருக்கு உரிமை தருகிறது. அதனால் வாசலில் நின்று கத்துவதில் பலன் இல்லை. நீங்கள் சம்மதிக்காத வேலை எது என்று பில்லில் வட்டம் போட்டு, மேனேஜரிடம் உட்கார்ந்து பேசுங்கள். பாதிக்கு மேல் அங்கேயே தீர்ந்துவிடும், நான் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்து பார்த்திருக்கிறேன். தீராவிட்டால் பில்லில் "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று எழுதி, ரொக்கமாக இல்லாமல் யுபிஐயிலோ கார்டிலோ கட்டி வண்டியை எடுத்துவிடுங்கள். பழைய பாகங்களையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். பல விஷயம் அதிலேயே முடியும். முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நடந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. ஒர்க்‌ஷாப் எங்கே இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், ஆன்லைனிலும் போடலாம். அங்கே பேசப்போவது ஜாப் கார்டு, வாட்ஸ்அப், பில், போட்டோ இவைதான்.

பத்து வருடமாகப் பழகிய மெக்கானிக்மேல் சந்தேகம் வந்துவிட்டது. எப்படிக் கேட்பது?

மற்ற எல்லாவற்றையும்விட இது கஷ்டம், ஏனென்றால் இங்கே பணத்தைவிட மனுஷன் முக்கியம். எனக்கே நடந்தது. கொளத்தூரில் இருக்கும் எங்கள் மெக்கானிக் என் தங்கை கல்யாணத்துக்கு வந்து பந்தி பரிமாறியவர். ஒரே வருடத்தில் இரண்டாவது தடவையாக ஆல்டர்னேட்டர் போய்விட்டது என்றார். இரண்டு வாரம் மனதுக்குள்ளேயே வைத்துப் புழுங்கினேன், வேறு ஷெட் பார்க்கலாமா என்றுகூட யோசித்தேன். கடைசியில் ஒரு சாயங்காலம் போய், டீ குடித்துக்கொண்டே கேட்டேன்: "அண்ணா, ஒரு வருஷத்துல ரெண்டு தடவை போகுமா? எனக்குப் புரியல, கொஞ்சம் காட்டுங்களேன்."

அவர் கோபப்படவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், எண்ணெய்க் கறை படிந்த டைரியை எடுத்துவந்து பக்கத்தைப் புரட்டினார். முதல் தடவை போட்டது ரீகண்டிஷன் பண்ணிய பழையது, விலை குறைவு, ஆறு மாதம்தான் கேரண்டி. அப்பாவிடம் போனில் சொல்லிச் சம்மதம் வாங்கியதாகத் தேதியோடு எழுதியிருந்தார். அப்பா என்னிடம் சொல்ல மறந்துவிட்டார். "தம்பி, அன்னைக்கே கேட்டிருக்கலாமே" என்றார். அன்றிலிருந்து எந்தப் பாகத்தைக் கழற்றினாலும் அதைப் போட்டோ எடுத்து அப்பாவுக்கும் எனக்கும் சேர்த்தே அனுப்புகிறார்.